அசல் எங்கே இருக்கிறது: பனமலைத் தளியும் பழைய காரின் பிரேக் குழாயும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பிறகும் அது பழைய பொருளாகவே நீடிக்கிறதா என்ற கேள்வியை இந்திய மரபும் கிரேக்க மரபும் தனித்தனியே எழுப்பியுள்ளன. ஏதென்சு மக்கள் தீசியசின் கப்பலைப் பேணும்போது உளுத்த பலகைகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தி வந்ததையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டதையும் புளூட்டார்க் பதிவு செய்கிறார். மிலிந்தன் என்னும் கிரேக்க வழி அரசனிடம் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, அவன் ஏறி வந்த தேரில் அச்சோ சக்கரமோ நுகமோ தேர் ஆகுமா என்று கேட்டு, எதுவும் ஆகாது என்று அவன் வாயாலேயே சொல்ல வைப்பதை மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூல் விவரிக்கிறது. இவ்விரு வாதங்களிலும் ஒரு வசதி உண்டு: கப்பலின் பலகையை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வாதிடுவோருக்கு ஆபத்து இல்லை. இதே கேள்வியை அறுபது ஆண்டு வயதான ஒரு காரின் பிரேக் குழாயிடம் கேட்டால் அந்த வசதி போய்விடுகிறது, ஏனெனில் அங்கே தரும் விடை சாலையைக் கடந்துகொண்டிருக்கும் ஒருவரின் உயிரைத் தொடுகிறது.

இக்கேள்வியை ஆராய விழுப்புரம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான நிலப்பகுதி அரிது. முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமிதத்தோடு அறிவித்த மண்டகப்பட்டுக் குடைவரை இங்கே உள்ளது. அதற்கு ஒரு நூற்றாண்டு பின்னர், இராசசிம்மன் என்று அறியப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்க வாக்கில் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் பனமலைக் குன்றின் மேல் நிற்கிறது. சைவ சித்தாந்தத்தின் தலைநூலாகிய சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இவற்றோடு நான்காவதாக ஒரு சாலையையும் சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில், வண்டலூர்ப் பகுதியில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இயங்கியது. 1961 முதல் 1971 வரை அது உருவாக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களுள் பல முதன்முதலில் ஓடிய நெடுஞ்சாலை இதுவாகவே இருந்திருக்கும்.

ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு என்ற காரின் இந்திய வடிவம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி வரைந்த உடற்கூடு, தனியாக அமைந்த இரும்புச் சட்டத்தின் மேல் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. 948 கன செ.மீ. எஞ்சின் அதை இயக்கியது. நான்கு கதவு கொண்ட வகை இந்தியாவில் மட்டுமே உருவானது. இந்திய ஹெரால்டின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. டிரம் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்சுவரை இரண்டு பிறைவடிவக் கட்டைகள் வெளிநோக்கி அழுத்துகின்றன. டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் காலிப்பர் என்னும் பிடியில் உள்ள பட்டைகள் கவ்வுகின்றன. டிரம்மின் உள்ளே சூடு தேங்கும், அதனால் நீண்ட இறக்கத்திலும் அடுத்தடுத்த நிறுத்தங்களிலும் பிடிப்பு தளரும். தட்டு திறந்த காற்றில் சுழல்வதால் அது விரைவில் ஆறிவிடும். 1953-இல் லெமான்சு பந்தயத்தை ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்றதற்குப் பிறகு உலகம் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு வகைகள் சிலவற்றில் முன்சக்கர டிஸ்க் இடம்பெற்றது. சென்னை ஹெரால்டுக்கு அது வாய்க்கவில்லை. எனவே இன்று ஒருவர் அக்காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் பொருத்துவது அந்நியமான ஒன்றைத் திணிப்பதா, அல்லது அதன் உடன்பிறப்புக்குக் கிடைத்ததை அதற்கும் கொடுப்பதா என்ற வினா தொடக்கத்திலேயே எழுந்துவிடுகிறது.

இம்மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியும் உறுப்பு தட்டும் காலிப்பரும்தான் என்றாலும், அதன் வெற்றியும் தோல்வியும் பென்சில் பருமன்கூட இல்லாத குழாய்களில் அடங்கியுள்ளன. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் ஒரே அளவில் பரவும் என்ற பாஸ்கலின் விதிப்படி, காலால் மிதித்த விசையை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது இக்குழாய்களின் பணி. டிரம்மில் சுழற்சியே ஒரு கட்டையை உள்ளே இழுத்து அழுத்தத்தைப் பெருக்கித் தருகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. ஆதலால் டிஸ்க்குக்கு மாறிய காரின் குழாய்கள் முன்பைவிடக் கூடிய அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கடுமையாக மிதிக்கும்போது அது சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டை எட்டவும் கடக்கவும் கூடும். டிரம்முக்கென அமைந்த சில மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அதை அகற்றாமல் டிஸ்க்கை இணைத்தால் பட்டைகள் தட்டை விடாமல் உரசிச் சூடேறும். பழைய ஏற்பாடு புதியதற்குள் ஒளிந்திருந்து அதைக் கெடுப்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று தேட வேண்டியதில்லை.

குழாய்களைத் தேடிப் பெறும் வேலையில் முதலில் தெளிய வேண்டியது எதைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதே. சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்துப் போடப்பட்ட வண்டிகளின் பாகங்களுக்கு நெடுங்காலச் சந்தை உண்டு. கதவுப் பிடி, விளக்கு வளையம், முன்மூடி போன்றவற்றைப் பொறுத்தவரை பழமை அங்கே ஒரு தகுதி. ரப்பர் பிரேக் ஓஸ் விஷயத்தில் அதே பழமை குற்றம். வெளித்தோல் கெடாமல் தோன்றும் ஓஸ் உள்ளே வீங்கித் துளை குறுகியிருக்கலாம், மிதிக்கும்போது எண்ணெயை விட்டுத் திரும்பும்போது தடுக்கலாம். எனவே ஓஸ் புதிதாகவே இருக்க வேண்டும். இரும்புக் குழாயும் அவ்வாறே. அந்தக் காலத்துக் குழாய் 3/16 அங்குல வெளிவிட்டம் கொண்டது. செம்பு பூசிய எஃகுத் தகட்டை இருசுற்றாக உருட்டிப் பற்றவைத்து ஆக்கப்பட்டது. அதற்கு மாற்றாகச் சுத்தச் செம்பைத் தேர்வது எளிய தீர்வாகத் தோன்றினாலும், அதிர்வில் செம்பு இறுகி வெடிக்கும் இயல்புடையது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிக்கல் கலந்த செம்புக் குழாய் துருவுக்கும் அதிர்வுக்கும் ஈடுகொடுக்கும். கையால் வளைக்கவும் இசையும். பழுப்பேறிய எஃகின் தோற்றம் அதில் வராது என்பது அசலை நாடுவோரின் மனக்குறை. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குழாய் கிடைத்த பின்னும் அதன் நுனியில் சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலேயக் கார்களின் இணைப்புத் திருகு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. ஜப்பானிய வடிவமைப்பு வழிவந்த இந்தியக் கார்களிலிருந்து எடுத்த காலிப்பரிலோ 10 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டர் புரி இடைவெளியும் கொண்ட திருகு வழக்கம். முன்னது ஒன்பதரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். எனவே அங்குல நட்டு மில்லிமீட்டர்த் துளைக்குள் நுழைந்து, சில சுற்று ஓடி, இறுகியது போலவும் காட்டும். அழுத்தம் ஏறும்போது புரியை உரித்துக்கொண்டு வெளியேறும். குழாய் நுனியை விரித்து மடிக்கும் பிளேர் என்னும் வேலையிலும் 45 பாகைச் சாய்வில் இரட்டையாக மடிப்பது ஒரு முறை, குமிழ்போல் திரட்டுவது மற்றொரு முறை. ஒன்றின் இருக்கையில் மற்றொன்று சரியாக அமராது. இத்துடன் ஹெரால்டுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடக்கூடிய கார் என்று அது பெயர் பெற்றதற்குக் காரணம் அதன் முன்சக்கரங்கள் மற்றக் கார்களைவிட மிகுதியாக முறுகித் திரும்புவதே. ஆகவே சட்டத்திலிருந்து காலிப்பருக்குச் செல்லும் ஓஸின் நீளத்தை, சக்கரம் நேராக நிற்கும்போது அளந்தால் போதாது. இருபுறமும் முழுதும் திருப்பியும், சக்கரத்தைத் தொங்கவிட்டும் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் நிறைவேறிய பின் நிற்கும் கார் பழைய கார்தானா? நியாய வைசேடிக மரபினர் உறுப்புகளுக்கு அவயவம் என்றும், அவற்றில் பொருந்தி நிற்கும் முழுமைக்கு அவயவி என்றும் பெயரிட்டு, முழுமை உறுப்புகளின் வெறும் கூட்டம் அன்று, தனியான ஓர் உண்மைப் பொருள் என்று நிறுவினர். அந்த உறுதிக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம்: துணியிலிருந்து ஓர் இழையை உருவினால் பழைய துணி அழிந்து புதிய துணி தோன்றுகிறது என்று அவர்கள் ஒப்ப வேண்டியிருந்தது. அக்கணக்கில் ஒரு செம்பு வாஷரை மாற்றியதுமே ஹெரால்டு வேறு காராகிவிடும். பௌத்தர், முழுமை என்று ஒன்று இல்லவே இல்லை, கார் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு நாம் இட்ட பெயர் என்பர். அப்போது அசலைக் காப்பது என்ற முயற்சியே பொருளற்றுப் போகும். மெய்கண்டார் மரபு இவ்விரு கோடிகளையும் ஏற்கவில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது, காரியம் காரணத்துக்குள் நுண்மையாக முன்பே இருக்கிறது என்னும் சற்காரியவாதத்தை அது கைக்கொள்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று மூவகைப்படுத்துகிறது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளின் கொள்கைகளை எடுத்துக்காட்டி மறுத்தார். இப்பார்வையில் ஹெரால்டின் டிஸ்க் வெளியிலிருந்து வந்த புதுமை ஆகாது. அந்த வடிவமைப்புக்குள் ஏற்கெனவே அடங்கியிருந்து, சென்னைச் சூழலில் வெளிப்படாமல் நின்ற ஒரு காரியம் என்று வாதிட இடமுண்டு. வாதம் அழகானதுதான். ஆனால் இதை மிக எளிதாக நம்பிவிடுவது ஆபத்தும்கூட, ஏனெனில் எந்த மாற்றத்தையும் முன்பே உள்ளே இருந்தது என்று சொல்லி நியாயப்படுத்திவிட முடியும். ஆகவே தத்துவத்தோடு நில்லாமல், கோயில்களைப் பேணியோரின் நடைமுறையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மண்டகப்பட்டுக் குடைவரையில் மாற்றுவதற்கு உறுப்பே இல்லை. அங்கே கோயிலும் பாறையும் ஒன்று. பனமலையில் கல் வேறு, இணைப்பு வேறு, மேலே பூசிய சுதை வேறு, அதன்மேல் தீட்டிய வண்ணம் வேறு. இணைப்புகளால் ஆன எதுவும் பழுதடையும் என்பதை ஆகமங்கள் மறைக்கவில்லை. பழுதானதைத் திருத்தும் சீர்ணோத்தாரணம் என்னும் திருப்பணிக்கு அவை விரிவான முறை வகுத்தன. பணி தொடங்குமுன் மூர்த்தியின் அருளாற்றலைக் குடநீருக்கு மாற்றி, பாலாலயம் அல்லது இளங்கோயில் என்னும் தற்காலிக இடத்தில் வழிபாட்டைத் தொடர்ந்து, பணி முடிந்ததும் குடமுழுக்கின் வழியே மீண்டும் நிறுவுவர். கவனிக்கத்தக்கது என்னவென்றால், இடையில் ஒருநாளும் வழிபாடு அறுவதில்லை. கோயிலின் தொடர்ச்சியைக் கல்லிடம் விடாமல் வழிபாட்டிடம் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் இதே பனமலையில் இந்த முறைக்கு அடங்காத ஒன்று உண்டு. வடபுறச் சிற்றாலயத்தின் சுவரில், தலையில் முடியும் மேலே குடையுமாக, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சிவனின் ஆடல் பெரும்பாலும் அழிந்து கோடுகளாகவே தெரிகிறது. அழிந்த பகுதியை இன்றைய கை ஒன்று நிரப்பினால் கோயிலின் வழிபாட்டுக்குக் குறைவு வராது, ஆயினும் பல்லவர் காலத் தூரிகை எவ்வாறு இயங்கியது என்பதற்கான சாட்சி கெட்டுப்போகும். கல்லின் பணி தாங்குவது. தாங்கும் வேறு கல் அதன் இடத்தில் அமரலாம். ஓவியத்தின் பணி சான்று கூறுவது. சான்றுக்கு மாற்றாள் கிடையாது. மெருகு ஏற்றுவதாகச் சொல்லிச் சிற்பங்கள் மேல் மணலைப் பீய்ச்சித் தேய்த்த அண்மைக்காலத் திருப்பணிகள் சில கண்டனத்துக்கு உள்ளானது இந்த வேறுபாட்டை மறந்ததால்தான்.

பிரேக் குழாய் முதல் வகையைச் சேர்ந்தது. ஆலைத் தொழிலாளி வளைத்த அசல் குழாயின் வளைவு ஒரு சான்று என்று வாதிடலாம், அதில் உண்மையும் இல்லாமலில்லை. அந்தச் சான்றைக் காக்க அக்குழாயைக் கழற்றி, வளைவு கெடாமல் பெட்டியில் வைத்தால் போதும். அதைக் காரில் விட்டுவைத்து அழுத்தம் ஏற்றுவது சான்றையும் காக்காது, காரையும் காக்காது. சக்கரத் திருப்பியின் வளையத்தில் கைபட்டுத் தேய்ந்த தடமும், கதவின் உட்பக்கத்தில் எஞ்சிய ஆலைப் பூச்சும் இரண்டாம் வகை. அவற்றைப் புதுப்பிப்பதே இழப்பு. புதுப்பித்த கார்கள் பலவற்றில் இது தலைகீழாக நடந்திருப்பதைக் காணலாம்: பூச்சு கண்ணாடிபோல் மின்னும், அடியில் ஓஸ் மட்டும் பழையது.

இனப்பொருளை இனப்பொருளால் மாற்றுவதை இந்த வேறுபாடு நியாயப்படுத்துகிறது. டிரம்மை விட்டு டிஸ்க்குக்குத் தாவுவதை, அதாவது ஒரு வகையையே வேறு வகையாக்குவதை, அது நியாயப்படுத்துமா? பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசி செம்பியன் மாதேவியின் திருப்பணிகள் இங்கே வழிகாட்டுகின்றன. செங்கல் தளிகளைக் கற்றளிகளாக அவர் எழுப்பியது பழமைக்கு இழைத்த தீங்காகக் கருதப்படவில்லை, சிவபுண்ணியமாகப் போற்றப்பட்டது. அதோடு, திருக்கோடிகாவலில் கோயிலைக் கல்லால் மீண்டும் கட்டியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்தார்கள். சுவர் போனாலும் சுவர் தாங்கியிருந்த கொடைகளின் நினைவு போகக் கூடாது என்ற அக்கறை அதில் உள்ளது. பொருளும் வகையும் மாறலாம். முன்பு என்ன இருந்தது, யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு மாற்றத்தோடு கூடவே வர வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பாகிய பிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், தவிர்க்க முடியாத மாற்றங்கள் அடக்கமாகவும் அசலைச் சிதைக்காமலும் இருக்க வேண்டும் என்ற திசையிலேயே பேசுகிறது. டிஸ்க்குக்காகச் சட்டத்தில் புதுத் துளை இடாமல் பழைய தாங்கிகளையே பயன்படுத்துவதும், கழற்றிய டிரம், சிலிண்டர், குழாய் ஆகியவற்றுக்குச் சீட்டுக் கட்டிவைப்பதும், குழாயின் உலோகம், திருகின் அளவு, எண்ணெயின் வகை, மாற்றிய நாள் ஆகியவற்றைக் காரோடு போகும் ஏட்டில் எழுதுவதும் அந்த அரசியின் கல்தச்சர் செய்ததன் எளிய தொடர்ச்சி.

ஏட்டின் மதிப்பைப் பற்றித் திருவெண்ணெய்நல்லூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர் காட்டிய அடிமை ஓலையை அவர் பறித்துக் கிழித்துவிட, கிழிந்தது படியோலையே என்று கூறி, அவ்வூர் அவையத்தார் முன் மூல ஓலையை முதியவர் எடுத்துவைத்ததாகப் பெரியபுராணம் உரைக்கிறது. அவையத்தார் அந்த ஓலையின் பழைமையை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறவில்லை. சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கூறினர். அசல் என்னும் தகுதி ஒப்பீட்டால் நிலைநாட்டப்படுவது. ஒப்பிட ஏதும் எஞ்சாத இடத்தில் அது வெறும் உரிமைகோரலாக நின்றுவிடும்.

இதுவரை பேசியது காருக்கும் உரிமையாளருக்கும் இடையிலானது. பிரேக்கில் மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். இக்காலத்துக் கார்களில் பிரேக் எண்ணெய் இரு தனிச் சுற்றுகளாகப் பிரிந்து செல்வதால் ஒன்றில் கசிவு நேர்ந்தாலும் மற்றது நிறுத்தும். 1960-களின் ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்கேனும் ஓரிணைப்பு விட்டால் மிதி தரையைத் தொடும், எஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. அப்படிப்பட்ட கார் இன்று ஓடும் திண்டிவனம்–விழுப்புரம் சாலை 1965-இன் சாலை அன்று. முன்னே செல்லும் பேருந்து அந்தக் காரைவிடக் குறைந்த தொலைவில் நின்றுவிடும், ஊர் முனைகளில் மக்கள் நான்கு வழித்தடங்களைக் கால்நடையாகக் கடக்கிறார்கள். காரின் அசல் நிலையில் அவர்களுக்கு எந்த ஈடுபாடும் இல்லை, அதற்கான பொறுப்பையும் அவர்கள் ஏற்கவில்லை. அசலைக் காக்கும் உரிமை உரிமையாளருடையது என்றால் அதன் ஆபத்தும் அவருடையதாக மட்டுமே இருக்க வேண்டும். பிரேக்கில் அது இயலாது என்பதால் அங்கே அந்த உரிமை சுருங்குகிறது. அரைகுறையாகச் செய்த டிஸ்க் மாற்றம் நன்கு பேணிய டிரம்மைவிட மோசமானது என்பதும் இதே நியாயத்திலிருந்து பிறக்கிறது. திருகு பொருந்தாத காலிப்பரைவிட, புதுக் குழாயும் புது ஓஸும் பெற்ற டிரம் மேல்.

இந்தியச் சட்டமும் இந்த எல்லைக்கோட்டை ஒருவாறு தொட்டிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே பிரேக்கை மாற்ற எண்ணுவோர் வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. 2021-இல் வெளியான தொன்மை வாகன விதிகள், ஐம்பது ஆண்டு கடந்து அசல் வடிவில் பேணப்படும் வாகனங்களுக்குத் தனிப்பதிவு அளித்தபோது, அசலைக் குலைக்கும் பெருமாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகச் சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களைப் பெயர் சொல்லிக் குறித்தன. பிரேக் குழாயின் பெயர் அந்த வரிசையில் இல்லை.